‘செய்யும்’ என்ற சொல் செய்யும் வேலை

2013 செப்டம்பரில் ஓர் இரவு. தெரனோஸ் என்ற அமெரிக்க ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் புதிய இணையதளம் விடிந்தால் வெளிவர வேண்டும். பக்கங்கள் தயார், படங்கள் தயார். அந்த நேரத்தில் விளம்பர ஏஜென்சிக்கு அவசர அழைப்பு வருகிறது. ஏஜென்சி ஆட்களும் தெரனோஸ் தரப்பினரும் தொலைபேசியில் இணைந்து, தளத்தின் வாசகங்களை வரி வரியாக வாசித்து மாற்றுகிறார்கள். இந்த நிறுவனத்தின் கதையை வெளிக்கொண்டுவந்த பத்திரிகையாளர் ஜான் கேரிரூ, 2018இல் வந்த ‘பேட் பிளட்’ நூலில் அந்த இரவை விவரித்திருக்கிறார்.

ஒரே ஒரு சிறு துளி போதும் என்றிருந்த வரி, சில துளிகள் போதும் என்று மாறியது. முடிவுகள் ‘இன்னும் விரைவாக’ வரும் என்பதிலிருந்த ‘இன்னும்’ போனது; ‘விரைவாக’ மட்டும் நின்றது. ஆய்வகத் துறையின் புரட்சிக்கு வரவேற்ற முகப்பு வாசகம், வெறுமனே தெரனோஸுக்கு வரவேற்றது. ஊசிக்கு விடைகொடுக்கச் சொன்ன படத்தின் கீழே, தேவைப்பட்டால் ரத்தக்குழாயிலிருந்தும் ரத்தம் எடுப்போம் என்ற பொருளில் ஒரு வரி சேர்ந்தது.

புத்தொழில் நிறுவனம் ஒன்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை ஆராய விரும்புகிறவருக்கு இந்தத் திருத்தங்களைவிட நல்ல பாடநூல் கிடைக்காது. எந்தச் சொல்லுக்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்பது அந்த அழைப்பில் பேசியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ‘இன்னும்’ என்பது ஒப்பீடு. யாரோடு ஒப்பிட்டீர்கள் என்று கேட்டால் பதில் வேண்டும். ‘ஒரே’ என்பது எண். அதை எண்ணிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் தனித்தனியே சரியானது. ஆனாலும் தளத்தைப் படித்தவர் மனதில் பதிந்த படம் மாறவில்லை. விரல் நுனியில் ஒரு குத்து, மொத்தப் பரிசோதனையும் முடிந்தது என்றுதான் அவர் புரிந்துகொண்டார்.

நடந்தது வேறு. எலிசபெத் ஹோம்ஸ் தன் 19ஆம் வயதில், 2003இல் தொடங்கிய நிறுவனம் அது. 2014இல் அதன் மதிப்பு சுமார் 900 கோடி டாலர். ஆனால் நிறுவனம் தானே உருவாக்கிய எடிசன் என்ற கருவியில் நோயாளிகளுக்காகச் செய்யப்பட்டவை 12 வகைச் சோதனைகள் மட்டுமே. மற்றவை, சீமென்ஸ் போன்ற நிறுவனங்களிடமிருந்து வாங்கிய வழக்கமான இயந்திரங்களில் நடந்தன. அவற்றில் சிலவற்றை மாற்றியமைத்து, விரலில் எடுத்த சிறிதளவு ரத்தத்தை நீர்க்கச் செய்து பயன்படுத்தினார்கள். பலருக்கு வழக்கம்போல் கையில் ஊசி குத்தித்தான் ரத்தம் எடுக்கப்பட்டது.

காலம் மயங்கும் இடம்

தமிழில் ஒரு வினைவடிவம் இருக்கிறது. ‘நாளை மழை பெய்யும்’ என்கிறோம், அது எதிர்காலம். ‘இந்த மில் நெல் அரைக்கும்’ என்கிறோம். அது இன்றைக்கே இருக்கும் திறன். வடிவம் ஒன்றுதான். மழை பெய்யுமா என்பது நாளைக்குத்தான் தெரியும். மில் அரைக்குமா என்பதை இன்றைக்கே ஒரு மூட்டை நெல்லைக் கொண்டுபோய்த் தெரிந்துகொள்ளலாம். இலக்கண நூல்கள் ‘செய்யும்’ என்னும் வாய்பாடு என்று பெயரிட்ட இந்த வடிவத்தைத்தான் நம் விளம்பர வாசகங்கள் பெரிதும் நம்பி நிற்கின்றன. ‘எங்கள் செயலி நோயைக் கண்டறியும்.’ இது மழையா, மில்லா?

புத்தொழில் நிறுவனங்களின் பொய் பெரும்பாலும் பிறப்பது இந்த மயக்கத்தில் என்பதே இக்கட்டுரையின் வாதம். முதல் நாளே ஏமாற்ற நினைத்துத் தொழில் தொடங்குபவர்கள் குறைவு. ஒரு நாள் செய்யப்போவதை மனதார நம்புகிறார்கள். நம்பிக்கை வலுக்க வலுக்க, வருங்காலம் நிகழ்காலமாகப் பேச்சில் ஏறிவிடுகிறது. ‘செய்யப்போகிறோம்’ என்பது ‘செய்யும்’ ஆகி, ‘செய்யும்’ என்பது ‘செய்கிறது’ ஆகிறது. கருவி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இதற்கு ஒரு அமைப்புக் காரணமும் உண்டு. பழைய தொழில்களில் சரக்கு முதலில் வரும், விளம்பரம் பிறகு வரும். ஸ்டார்ட்அப் உலகில் பேச்சுதான் முதல் சரக்கு. முதலீட்டாளரிடம் போகும்போது கையில் இருப்பது ஒரு மாதிரிக் கருவியும் சில படவில்லைகளும். அவர் வாங்க வந்திருப்பது வருங்காலத்தை. அதைச் சொல்லாமல் முதல் திரட்ட முடியாது. அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் வாடிக்கையாளர் வாங்குவது இன்றைய பொருளை. முதலீட்டாளருக்காக எழுதிய வாக்கியம் அப்படியே வெட்டி ஒட்டப்பட்டு, வாடிக்கையாளர் பார்க்கும் முகப்புப் பக்கத்துக்கு வந்துவிடும்போது, ஆசையாக இருந்தது உத்தரவாதமாகிவிடுகிறது.

முதலீட்டாளரிடமே இந்தக் கலப்படம் நடந்தால் அது மோசடி. ஃபைசர், ஷெரிங் பிளவ் ஆகிய மருந்து நிறுவனங்களின் முத்திரைகளைத் தாங்கிய ஆய்வறிக்கைகளைத் தெரனோஸ் தன் கூட்டாளிகளிடமும் முதலீட்டாளர்களிடமும் காட்டியது. அந்த நிறுவனங்கள் அவற்றுக்கு ஒப்புதல் தரவில்லை. முத்திரைகளைச் சேர்த்தது தானே என்று, 2021இல் தன் மீதான மோசடி வழக்கின் சாட்சிக் கூண்டில் ஹோம்ஸ் ஒப்புக்கொண்டார்.

ஓடியதா, உருண்டதா

சொன்ன சொல் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க, மொத்தச் சித்திரம் பொய்யாக இருக்க முடியுமா? முடியும். நிகோலா நிறுவனத்தின் கதை அதற்குச் சாட்சி.

மாசில்லாமல் ஓடும் கனரக லாரிகளைச் செய்வதாகச் சொன்ன நிகோலா, ‘நிகோலா ஒன்’ என்ற லாரியை 2016 டிசம்பரில் மேடையேற்றியது. 2018 ஜனவரியில் ஒரு காணொளி வந்தது. பாலைநிலச் சாலையில் அந்த லாரி கம்பீரமாக விரைகிறது. அது இயக்கத்தில் இருப்பதாகக் குறிப்பும் சொன்னது. 2020 ஜூனில் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்த சில நாட்களில், அதன் சந்தை மதிப்பு ஃபோர்டு நிறுவனத்தின் மதிப்பையே சிறிது நேரம் தாண்டியது. அப்போது வாடிக்கையாளருக்கு விற்ற லாரி ஒன்றுகூட இல்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஹிண்டன்பர்க் ரிசர்ச் என்ற முதலீட்டு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை காணொளியின் சங்கதியைச் சொன்னது. லாரியை யூட்டா மாநிலத்தில் ஒரு சரிவுச் சாலையின் மேட்டுக்கு இழுத்துக்கொண்டுபோய், அங்கிருந்து கீழே உருளவிட்டுப் படம் பிடித்திருக்கிறார்கள். நிறுவனம் தந்த பதில் கவனிக்கத்தக்கது. லாரி சொந்த விசையில் ஓடுவதாக அந்தக் காணொளியில் நாங்கள் எங்குமே சொல்லவில்லை என்றது. சொல் அளவில் அது சரி. உருளும் லாரியும் இயக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் லாரி விற்பவர் லாரி போவதைப் படம்பிடித்துக் காட்டினால், பார்ப்பவர் என்ன நினைப்பார்? இன்ஜின் இழுக்கிறது என்றுதான். விளம்பரச் சட்டங்கள் பல நாடுகளில் இதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கின்றன. எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்பதைவிட, சாதாரண வாசகர் என்ன புரிந்துகொள்வார் என்பதே அங்கே எடைபோடப்படுகிறது. நிறுவனர் டிரெவர் மில்டன் 2022 அக்டோபரில் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2023 டிசம்பரில் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அதற்கு முந்தைய மாதமே நிகோலா திவால் பாதுகாப்பு கோரி விண்ணப்பித்திருந்தது.

துறைச் சொல்லுக்குத் துறைப் பொருள்

மூன்றாவது வகை, ஒரு தொழில்நுட்பச் சொல்லை அழகுக்காக எடுத்து ஒட்டிக்கொள்வது. ஜூம் செயலி பல ஆண்டுகளாகத் தன் உரையாடல்கள் ‘எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன்’ கொண்டவை என்று சொல்லிவந்தது. துறையில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். பேசும் இருவரிடம் மட்டுமே திறவுகோல் இருக்கும். நடுவில் இருக்கும் நிறுவனம் நினைத்தாலும் கேட்க முடியாது. ஜூமில் அப்படி இல்லை. திறவுகோல்கள் நிறுவனத்தின் கையில் இருந்தன. 2020இல் கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் முடங்கி, வகுப்புகளும் மருத்துவ ஆலோசனைகளும் ஜூமில் நடக்கத் தொடங்கிய நேரத்தில் இது அம்பலமானது.

பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். துறையில் வழங்கும் பொருளும் தாங்கள் பயன்படுத்திய பொருளும் ஒன்றல்ல என்று 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே ஜூம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. புதிய வசதிகளைச் சேர்ப்பதை 90 நாட்கள் நிறுத்திவைத்துப் பாதுகாப்புப் பணியில் இறங்கியது. சொன்ன அந்த வசதியை அக்டோபரில் உண்மையாகவே கொண்டுவரத் தொடங்கியது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷனுடன் நவம்பரில் உடன்பாடு கண்டது. தவறு செய்த நிறுவனம் பிழைத்துக்கொண்டதற்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும், சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் அதை இரண்டு வழிகளில் அடைக்கலாம் என்பதை இது காட்டுகிறது: சொல்லைக் கீழே இறக்கலாம், பொருளை மேலே ஏற்றலாம். தெரனோஸ் சில சொற்களை மட்டும் இறக்கியது; இடைவெளி அடைபடவில்லை.

செயற்கை நுண்ணறிவு அலையில் இதே பாடம் மறுபடி நடக்கிறது. ‘டூநாட்பே’ என்ற நிறுவனம் தன்னை உலகின் முதல் ரோபோ வழக்கறிஞர் என்று அழைத்துக்கொண்டது. தன் சேவை தேர்ந்த வழக்கறிஞரின் வேலைக்கு ஈடாகிறதா என்று அது சோதித்தே பார்க்கவில்லை என்பது 2024இல் அதே கமிஷன் வைத்த குற்றச்சாட்டு. நிறுவனம் 1,93,000 டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

95 விழுக்காடு என்றால் என்ன?

இப்போது கொஞ்சம் அருகில் போய், ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். கற்பனையாக ஒரு செயலியை வைத்துக்கொள்வோம். விவசாயி நெற்பயிரின் இலையைக் கைப்பேசியில் படம் எடுக்கிறார். செயலி நோயைச் சொல்கிறது. விளம்பரம் இப்படி: ‘நெற்பயிர் நோய்களை 95% துல்லியமாகக் கண்டறியும்.’

முதல் கேள்வி, எந்த நோய்கள்? குலைநோய், செம்புள்ளி, பாக்டீரியா இலைக்கருகல், துங்ரோ என்று பட்டியல் நீளமானது. செயலிக்கு மூன்று மட்டும் பழக்கம் என்றால், நான்காவது நோய் வந்த இலையைப் பார்த்து அது என்ன சொல்லும்?

இரண்டாவது, எந்தப் படங்கள்? ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ளைத் தாளின் மேல் இலையை வைத்து நல்ல வெளிச்சத்தில் எடுத்தவையா? காலைப் பனியில், சேற்றில் நின்றுகொண்டு, கீறல் விழுந்த கேமராவில் எடுத்தவையா? முதல்வகைப் படங்களில் தேறிய செயலி இரண்டாம்வகையில் தடுமாறுவது இத்துறையில் எல்லோரும் அறிந்தது.

மூன்றாவதுதான் பலரும் கேட்காத கேள்வி. துல்லியம் என்பதை எப்படிக் கணக்கிட்டீர்கள்? 100 இலைகளில் 5 மட்டுமே நோயுற்றவை என்று கொள்வோம். எந்த இலையைக் காட்டினாலும் ‘நோய் இல்லை’ என்று சொல்லும் ஒரு வெற்றுச் செயலி 95 இலைகளில் சரியான விடை சொல்லியிருக்கும். அதன் துல்லியம் 95%. அது பிடித்த நோய் பூஜ்யம். விளம்பர வாசகம் பொய்யில்லை. ஆனால் அதை நம்பி மருந்தடிக்காமல் விட்டவரின் வயல் போய்விடும்.

நேர்மையான வாக்கியம் எப்படி இருக்கும்? ‘குலைநோய், செம்புள்ளி, இலைக்கருகல் ஆகிய மூன்றை அடையாளம் காட்டுகிறது. வயலில் விவசாயிகளே எடுத்த படங்களை வைத்து, இன்ன பருவத்தில், இன்ன மாவட்டத்தில் சோதித்தோம். நோயுள்ள நூறு இலைகளில் இத்தனையைப் பிடித்தது. நோயில்லாத நூறில் இத்தனையைத் தவறாக நோய் என்றது. மருந்தடிக்கும் முன் வேளாண் அலுவலரிடம் ஒருமுறை காட்டுங்கள்.’ நீளம்தான். ஆனால் இதைப் படித்த விவசாயிக்குச் செயலியை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று தெரியும். அவர் பக்கத்து வயல்காரரிடம் சொல்லும்போதும் அதே அளவோடு சொல்வார். செயலி ஒரு தடவை தவறினால் ‘ஏமாற்றிவிட்டான்’ என்ற பேச்சு எழாது.

சட்டம் கேட்பது

ஆதாரம் விளம்பரத்துக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும்; புகார் வந்த பிறகு தேடக்கூடாது. அமெரிக்காவில் ஃபெடரல் டிரேடு கமிஷன் 1972இல் ஃபைசர் வழக்கில் இந்த நெறியை ஊன்றியது. 1984இல் அதைக் கொள்கை அறிக்கையாகவே வகுத்தது. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லூமோசிட்டி, 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது இதனால்தான். வயதால் வரும் நினைவுக் குறைவையும் மறதி நோயையும் தன் விளையாட்டுகள் தள்ளிப்போடும் என்ற பொருளில் அது விளம்பரம் செய்திருந்தது. அதைத் தாங்கும் அறிவியல் அதனிடம் இல்லை.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான எண்ணத்தைத் தரும் விளம்பரத்துக்கு வரையறை தந்தது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அந்த வரையறைக்குள் வருகிறது. 2020இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. முதல் தடவைக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அது அபராதம் விதிக்கலாம்.

மறைத்தல் எப்படி நடக்கிறது என்பதற்கு நாம் தினமும் பார்க்கும் சான்று உண்டு. குடிமைப் பணித் தேர்வு முடிவு வந்த மறுநாள், ஒரே மாணவரின் படம் பல பயிற்சி நிறுவனங்களின் விளம்பரத்தில் சிரிக்கும். ஆணையம் விசாரித்தபோது, அப்படிப் படம் வந்தவர்களில் பலர் அந்த நிறுவனங்களில் சேர்ந்தது இலவச நேர்காணல் பயிற்சிக்கு மட்டுமே என்று தெரிந்தது. முதனிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் அவர்கள் தங்கள் சொந்த முயற்சியில் தாண்டியிருந்தார்கள். ‘இவர் எங்கள் மாணவர்’ என்பது உண்மை. ‘எந்தப் பயிற்சியில்’ என்ற விவரம் மறைந்ததில், லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் குடும்பங்களின் கணக்கு தப்பியது. 2024 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள், தேறியவரின் படத்தோடு அவர் சேர்ந்த பயிற்சியின் விவரத்தையும் சொல்ல வேண்டும் என்கின்றன.

2022 ஜூனில் வந்த பொது வழிகாட்டு நெறிகளில் தமிழ் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. விளம்பரம் எந்த மொழியில் ஒன்றைச் சொல்கிறதோ, அதற்கான நிபந்தனைக் குறிப்பும் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தமிழில் பெரிதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அடியில் நட்சத்திரக் குறி போட்டு, எறும்பு வரிசைபோல ஆங்கிலத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

வீட்டுக்குள்ளேயே ஒரு பதிவேடு

சட்டம் வாசலில் நிற்கும் காவல். அதற்கு முன்பே நிறுவனத்துக்குள் நடக்க வேண்டிய வேலை எளிமையானது. ஒரு நோட்டு போதும். வெளியே சொல்லும் ஒவ்வொரு கூற்றையும் அதில் ஒரு வரியாக எழுத வேண்டும். எதிரே நான்கு கட்டங்கள்: இதற்கு ஆதாரம் என்ன, அதை யார் சோதித்தார்கள், எந்தத் தேதியில், மறுபடி எப்போது சரிபார்க்க வேண்டும். நான்காவது கட்டத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மருந்துக்குக் காலாவதித் தேதி இருப்பதுபோல் கூற்றுக்கும் உண்டு. ‘சந்தையிலேயே குறைந்த விலை’ என்பது போட்டியாளர் விலையைக் குறைக்கும் நாளில் பொய்யாகிவிடும். ‘பத்தாயிரம் பயனாளர்கள்’ என்பது பதிவிறக்கம் செய்தவர்களின் எண்ணிக்கையாக இருந்தால், அதில் பாதிப்பேர் அன்றே நீக்கியிருக்கலாம்.

பதிவேட்டை யார் பார்ப்பது என்பதும் முக்கியம். விற்பனைப் பிரிவு எழுதியதை விற்பனைப் பிரிவே சரிபார்த்தால் பயனில்லை. கருவியைச் செய்தவர், வாடிக்கையாளரின் புகார் அழைப்பை எடுப்பவர் ஆகிய இருவரின் கையெழுத்தும் வேண்டும். எது உடையும் என்று முதலாமவருக்குத் தெரியும். எது ஏற்கெனவே உடைந்தது என்று இரண்டாமவருக்குத் தெரியும். தெரனோஸில் உண்மையை முதலில் வெளியே சொன்னவர்களில் எரிகா சங், டைலர் ஷுல்ட்ஸ் இருவரும் ஆய்வகப் பணியில் இருந்த இளைஞர்கள். உள்ளே அவர்கள் சொன்னதைக் கேட்க ஆளிருந்திருந்தால், வெளியே போய்ச் சொல்ல வேண்டிய அவசியம் வந்திருக்காது.

இதற்காக உற்சாகத்தைத் துறக்க வேண்டியதில்லை. ‘ஊரிலேயே நல்ல காபி இங்கேதான்’ என்று கடைக்காரர் பலகை வைத்தால் யாரும் ஏமாறப்போவதில்லை. எண், ஒப்பீடு, ‘நிரூபிக்கப்பட்டது’, ‘மருத்துவர் பரிந்துரை’ ஆகியவை வரும் இடத்தில்தான் பேனா நிற்க வேண்டும். கனவைச் சொல்லவும் தடையில்லை. ‘இரண்டு ஆண்டுகளில் இதைச் செய்ய முயல்கிறோம், இன்று இவ்வளவுதான் முடிகிறது’ என்று காலத்தைப் பிரித்துச் சொன்னால், கேட்பவர் தன் பணத்தையும் உடலையும் எந்தக் காலத்தை நம்பி ஒப்படைக்கிறார் என்று தெரிந்து ஒப்படைப்பார்.

ஹோம்ஸ் வழக்கில் அரிசோனாவைச் சேர்ந்த ஒரு பெண் சாட்சி சொன்னார். கர்ப்பமாக இருந்த அவருக்குத் தெரனோஸ் தந்த பரிசோதனை முடிவு, கரு கலைந்துகொண்டிருப்பதாகக் காட்டியது. அதற்கு முன் கருவை இழந்தவர் அவர். வேறு ஆய்வகத்தில் பார்த்தபோது கரு நலமாக இருப்பது தெரிந்தது; குழந்தையும் பிறந்தது. 2022 ஜனவரியில் நடுவர் குழு, முதலீட்டாளர்களை ஏமாற்றிய நான்கு குற்றங்களில் ஹோம்ஸைக் குற்றவாளி என்றது. பிறகு 11 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. நோயாளிகளை ஏமாற்றியதாகச் சொன்ன குற்றச்சாட்டுகளில் அவர் குற்றமற்றவர் என்று அதே குழு சொல்லிவிட்டது. பணம் போட்டவர்களுக்கு நீதிமன்றம் ஒரு விடை தந்தது. விரலை நீட்டியவர்களுக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. எல்லாத் தவறையும் சட்டம் வந்து திருத்தும் என்று ஒரு நிறுவனம் ஒதுங்கியிருக்க முடியாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

அந்த 2013 செப்டம்பர் இரவில் பல வரிகளைத் திருத்தினார்கள். ‘ஒரு துளி’ என்பதைச் ‘சில துளிகள்’ ஆக்க அவர்களுக்குப் பொறுமை இருந்தது. எங்கள் கருவி இன்று எந்தெந்தச் சோதனைகளைச் செய்கிறது, எவற்றை இன்னும் செய்வதில்லை என்று நிகழ்காலத்தில் ஒரு வரியை மட்டும் அவர்கள் எழுதவில்லை. பணம் போட்டவர்களும் பரிசோதனைக்கு வந்தவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அந்த ஒரு வரியைத்தான்.